நீளம் வேறு, எட்டும் தூரம் வேறு

பகடை மேஜை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீள ஆயுதங்களைப் பற்றியவை. ஹால்பர்ட் (கம்பு நுனியில் கோடரி பொருத்தியது), ஈட்டி, கம்பு, சாட்டை என்று ஆயுதம் மாறுகிறதே தவிர கேள்வி ஒன்றுதான்: யாரை, எங்கிருந்து, எப்போது அடிக்கலாம்? மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு இது. கதையை நடத்துபவர் டி.எம். சண்டை வந்தால் கட்டம் போட்ட தாளில் பொம்மைகளை வைத்து நகர்த்துவோம். ஒரு கட்டம் 5 அடி. சென்னையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஆத்தாவைப் பார்த்துக்கொள்ளக் காரைக்குடிக்கே திரும்பிவிட்ட நான், எங்கள் பழைய வீட்டு வளவில் ஞாயிறுதோறும் இந்த ஆட்டத்தை நடத்துகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு டி.எம்.: அக்கா, என் மேஜையில் ஒரு தம்பி ஹால்பர்ட் வைத்திருக்கிறான். 10 அடி தள்ளி நின்ற ஓர்க் (முரட்டு அரக்கன்) நெருங்கி 5 அடிக்கு வந்தது. "என் எல்லைக்குள்ளே நகர்ந்துவிட்டான், எனக்கு ஓசி அடி உண்டு" என்றான். நான் இல்லை என்றேன். அரை மணி நேரம் ஆட்டம் நின்றுபோனது. யார் சொன்னது சரி?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறீர்கள் என்றால் நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தத் தம்பி இல்லாததைக் கேட்கவில்லை. வேறொரு புத்தகத்தில் இருப்பதைக் கேட்கிறான்.

ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தது. நாம் ஓசி அடி என்று சொல்லும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் அதில் ஒரே ஒரு வினைச்சொல்லில் நிற்கிறது: எதிரி உங்களுக்கு எட்டும் தூரத்தை விட்டு 'வெளியேறும்போது' அடிக்கலாம். உள்ளே வரும்போது கிடையாது. உள்ளுக்குள்ளேயே நடமாடினாலும் கிடையாது. ஹால்பர்டுக்கு ரீச் என்ற குணம் இருப்பதால் அதை வைத்திருப்பவருக்கு 10 அடி எட்டும். ஓர்க் 10 அடியில் நின்றபோதும் அதற்குள்தான் இருந்தது, 5 அடிக்கு வந்தபோதும் அதற்குள்தான் இருந்தது. எங்கேயும் வெளியேறவில்லை.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க நானும் முயன்று தோற்றிருக்கிறேன். கடைசியில் தரைதான் கைகொடுத்தது. எங்கள் வளவில் பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல், ஒரு கல் பத்து அங்குலம். ஆறு கல் சேர்ந்தால் அறுபது அங்குலம், அதாவது சரியாக 5 அடி. ஆறுக்கு ஆறு கல் எடுத்துக்கொண்டால் விளையாட்டின் ஒரு கட்டம் நிஜ அளவிலேயே தரையில் கிடைத்துவிடுகிறது. சாக்பீஸால் கோடு போடலாம் என்று பார்த்தேன், தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்த தரையில் கீறல் விழும் என்று ஆத்தா விடவில்லை. கோலமாவால் கோடிழுத்தோம். ஒருவன் நடுக்கட்டத்தில் நிற்க, அவனைச் சுற்றி இரண்டு கட்டம் அகலத்துக்கு ஒரு பெரிய சதுரம். "இந்த வெளிக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தால்தான் அடி" என்றேன். ஒரு பையன் உள்ளே வந்தான், முன்னும் பின்னும் நடந்தான், சுற்றி ஓடினான். கோடு அழியவில்லை, அடியும் விழவில்லை. வெளியே காலெடுத்தபோது மாவு மிதிபட்டது. "அடி!" என்று எல்லோரும் கத்தினார்கள். அதற்கப்புறம் எங்கள் மேஜையில் அந்தக் கேள்வி வந்ததில்லை.

அதே கோலத்தில் இன்னொன்றும் தெரிந்தது. கத்தி வைத்திருப்பவருக்கு எட்டுவது 5 அடி. பக்கத்தில் நின்ற எதிரி ஒரு கட்டம் பின்வாங்கினாலே அவர் அடித்துவிடலாம். ஹால்பர்ட் வைத்திருப்பவருக்கோ, எதிரி ஒரு கட்டம் பின்வாங்கினாலும் இன்னும் சதுரத்துக்குள்ளேயே இருக்கிறான்; இரண்டாவது கட்டத்தையும் தாண்டினால்தான் அடி. நீள ஆயுதம் எதிரிக்கு ஒரு கட்டத்தைச் சும்மா விட்டுக்கொடுக்கிறது. நீள ஆயுதம் என்றால் லாபம் மட்டும்தான் என்று நினைத்து எடுப்பவர்கள் இதை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

சரி, அந்தத் தம்பிக்கு எங்கிருந்து அந்த எண்ணம் வந்தது? அதே விளையாட்டின் 2003-ல் வந்த மூன்றரைப் (3.5) பதிப்பில் விதி வேறு. அங்கே எதிரியின் மிரட்டலுக்கு உட்பட்ட, அதாவது அவன் ஆயுதம் எட்டும், எந்தக் கட்டத்தை விட்டு நகர்ந்தாலும் அடி விழும், போய்ச் சேரும் கட்டமும் அதே மிரட்டலுக்குள் இருந்தாலும்கூட. தப்பிக்க வேண்டுமென்றால் அந்தச் சுற்றில் 5 அடி மட்டும் நிதானமாக எடுத்து வைக்கலாம். பாத்ஃபைண்டர் என்ற வேறொரு விளையாட்டின், 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் எட்டும் தூரத்துக்குள் ஒரு கட்டத்தை விட்டு நகர்ந்தாலே அடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கே அந்தத் திறமை எல்லோருக்கும் கிடையாது. போர்வீரரான ஃபைட்டருக்கு ஆரம்பத்திலேயே கிடைக்கும், மற்றவர்கள் தேடிப் பெற வேண்டும். ஆக, மூன்றரைப் பதிப்பில் ரீச் உள்ள ஆயுதத்தோடோ (அங்கே ஹால்பர்டுக்கு ரீச் கிடையாது), பாத்ஃபைண்டரில் ஃபைட்டராகவோ ஆடியிருந்தால் உங்கள் தம்பி சொன்னது நியாயம்தான்.

ஐந்தாம் பதிப்பிலேயே அவனுக்கு ஒரு வழி இருக்கிறது. போல்ஆர்ம் மாஸ்டர் என்ற ஃபீட்டை (பாத்திரம் கூடுதலாகப் பெறும் திறமை) எடுத்தால் எதிரி எட்டும் தூரத்துக்குள் 'நுழையும்போது' அடிக்கலாம். 15 அடியிலிருந்து 10 அடிக்கு வரும் கணம் அது. 10-லிருந்து 5-க்கு வரும்போது அப்போதும் கிடையாது, ஏனென்றால் அவன் முன்பே நுழைந்தாயிற்று. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு ரியாக்‌ஷன்தான் (பிறர் செய்வதற்குப் பதிலாகச் செய்யும் செயல்; ஓசி அடியும் அதில்தான் சேரும்) என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று ஓர்க் வரிசையாக வந்தால் ஒன்றுக்குத்தான் அடி.

அரை மணி நேரம் நின்றுபோனது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு வலித்தது. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். மூன்றரைப் பதிப்பில் பழகிய கை என்னுடையது. அதில் கிளேவ் (கம்பு நுனியில் வெட்டும் அலகு பொருத்தியது) போன்ற நீள ஆயுதத்தால் 10 அடியில் இருப்பவனை அடிக்கலாம், ஒட்டி நிற்பவனை அடிக்க முடியாது. ஐந்தாம் பதிப்புக்கு மாறிய புதிதில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் கிளேவோடு வந்தான். சுரங்கப் பாதையில் ஒரு கூல் (பிணந்தின்னிப் பேய்) அவனை ஒட்டி வந்துவிட்டது. "கிளேவால் அடிக்கிறேன் அக்கா" என்றான். "ஒட்டி நிற்பவனை அடிக்க முடியாதுடா" என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. கிளேவைக் கீழே போட்டுவிட்டு இடுப்புக் கத்தியை எடுத்தான். பகடை இரண்டு முறை சரியாக விழவில்லை, அவன் பாத்திரம் செத்துப்போனது. எட்டு மாதம் வளர்த்த பாத்திரம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று ராத்திரி புத்தகத்தைப் புரட்டினேன். ரீச் குணம் 5 அடியைக் 'கூட்டுகிறது' என்றுதான் ஐந்தாம் பதிப்பு சொல்கிறது. ஒட்டி நிற்பவனை அடிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. 2014 புத்தகத்தில் லான்ஸ் ஒன்றுக்குத்தான் 5 அடிக்குள் அடித்தால் டிஸ்அட்வான்டேஜ் என்று தனியாக எழுதியிருக்கிறது. அதாவது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். அதைக்கூடத் தனியாக எழுதியிருக்கிறார்கள் என்றால் மற்றவற்றுக்கு அந்தத் தடை இல்லை என்றுதானே அர்த்தம்? மறுநாள் அவனுக்கு ஃபோன் செய்து தவறு என்னுடையது என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சண்டையை அதே இடத்திலிருந்து மறுபடி ஆடினோம். கூல் செத்தது.

அதிலிருந்து எங்கள் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு நிமிடத்துக்குள் டி.எம். ஒரு முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவை நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு புத்தகம் பார்க்க வேண்டும். ஒருவேளை பாத்திரத்தின் உயிரே போகும் என்றால் மட்டும் அப்போதே புத்தகத்தைத் திறக்கலாம். எந்தப் பதிப்பு என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து ஒரு சிலம்ப மாணவர்: நான் ஆறு வருடமாகக் கம்பு சுற்றுகிறேன். என் நெற்றி உயரத்துக்கு இருக்கும் கம்புக்கு விளையாட்டில் 5 அடிதான் எட்டுமாம். ஆனால் சாட்டைக்கு 10 அடியாம். இது என்ன நியாயம் அக்கா?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் மேஜையில் ஆடும் சிலம்பக்காரத் தம்பியை ஞாயிறன்று கம்போடு வரச் சொன்னேன். கட்டத்தின் நடுவில் நிற்கவைத்து, கம்பின் அடிமுனையைப் பிடித்துக் கையை முழுதாக நீட்டச் சொன்னேன். அவன் நிற்கும் கல்லிலிருந்து எட்டாவது கல்லில் நுனி நின்றது. பக்கத்துக் கட்டத்தின் நடு ஆறாவது கல். அங்கே நிற்பவனை நன்றாகத் தொட்டுவிடும். அதற்கடுத்த கட்டத்தின் நடு பன்னிரண்டாவது கல். அங்கே நிற்பவனை நின்ற இடத்திலிருந்து தொட முடியாது. "ஒரு அடி வைத்து வீசு" என்றேன். ஒரே தாவலில் நுனி பதினொன்றைத் தாண்டியது. எதிரில் நின்றவன் சட்டைப் பொத்தானைக் கம்பு உரசியது, நான் ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொண்டேன்.

ஆக, நீங்கள் சொல்வதும் சரி, புத்தகம் சொல்வதும் சரி. நின்ற இடத்திலிருந்து அடுத்த கட்டம், காலெடுத்து வைத்தால் இரண்டாவது கட்டம். விளையாட்டில் அந்தக் காலெடுப்பைத் தனியாக நகர்தல் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நீளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் கோபம் இன்னும் பெரிதாகவே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இருந்த நிஜ ஹால்பர்ட் பெரும்பாலும் ஐந்து, ஆறு அடிதான்; உங்கள் கம்பளவுதான். பைக் என்ற ஈட்டி பத்தடியில் ஆரம்பித்து அதற்கும் மேலே போகும். விளையாட்டில் இரண்டுக்கும் ஒரே 10 அடி. மூன்றரைப் பதிப்பில் இதே ஹால்பர்டுக்கு ரீச் கிடையவே கிடையாது, நீள ஈட்டிக்கு இருந்தது. ஐந்தாம் பதிப்பில் ஹால்பர்டுக்கு வந்துவிட்டது, சாதாரண ஈட்டிக்கு இல்லை. நிஜ ஆயுதம் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து தேயுமா?

ரீச் என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை அடிக்கோல் அளவாகப் படிக்காதீர்கள். அது ஒரு விலை. சாட்டைக்கு 10 அடி கொடுத்தார்கள், பதிலுக்கு நாலு முகப் பகடைச் சேதம்தான் கொடுத்தார்கள். ஹால்பர்டுக்குப் பத்து முகப் பகடையும் ரீச்சும் கொடுத்தார்கள், இரண்டு கையையும் கேட்டுவிட்டார்கள், கேடயம் பிடிக்க முடியாது. கம்புக்கு ஆறு முகம், இரண்டு கையால் பிடித்தால் எட்டு முகம். ஒரு கையாலும் பிடிக்கலாம், விலை மிகக் குறைவு, ட்ரூயிட், மந்திரவாதி எல்லோருக்கும் பழக்கம். அதன் லாபம் அங்கே இருக்கிறது. போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட்டில் கம்பையும் சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கம்பின் மறுமுனையால் ஒரு அடி கூடுதலாகக் கொடுக்கலாம். எந்தச் சிலம்பக்காரரும் தலையாட்டுவார்.

உங்கள் கம்பு உங்கள் கம்பாகவே நடக்க வேண்டும் என்றால் கர்ப்ஸ் ஆடிப் பாருங்கள். ஸ்டீவ் ஜாக்சன் 1986-ல் கொண்டுவந்த முறை அது. அறுகோணக் கட்டம், ஒரு கட்டம் ஒரு கஜம், ஒரு சுற்று ஒரு நொடி. கம்புக்கு எட்டும் தூரம் 1, 2 என்று இரண்டும் எழுதியிருக்கிறது, ஒட்டியும் அடிக்கலாம், தள்ளியும் அடிக்கலாம். இரண்டு கையால் பிடித்த ஈட்டிக்கும் 1, 2 தான், ஆனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். தூரத்திலிருந்து கிட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் பிடியை மாற்ற ஒரு முறை செலவாகும் என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு நொடியில்தான் குத்துவாள்காரன் உள்ளே புகுந்துவிடுகிறான். நீங்கள் ஆறு வருடம் ஆசானிடம் கற்றுக்கொண்ட அதே பாடம் அந்த நட்சத்திரத்தில் இருக்கிறது.

திருமயத்திலிருந்து ஒரு வாசகி: குறுகலான பாதையில் என் தோழி கேடயத்தோடு முன்னால் நிற்கிறாள். நான் பின்னால் பைக் வைத்திருக்கிறேன். அவளைத் தாண்டி அடிக்கலாமா? அடித்தால் அவள் மேல் படுமா?

தாராளமாக அடிக்கலாம். நீள ஆயுதம் இருப்பதே அதற்குத்தான். ஐந்தாம் பதிப்பில் தோழி மேல் படுவதற்கு விதி இல்லை. ஆனால் நடுவில் நிற்கும் ஆள், நண்பராக இருந்தாலும் எதிரியாக இருந்தாலும், குறி வைக்கப்படுபவரின் உடம்பில் பாதியையாவது மறைத்தால் அவருக்கு அரை மறைப்பு கிடைக்கும், அவருடைய ஏ.சி. (அவர் மேல் அடி படப் பகடை எட்ட வேண்டிய எண்) இரண்டு கூடும். 'பாதியையாவது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். உங்கள் தோழி குள்ளமான நோமாக இருந்து எதிரே ராட்சத ஓக்ர் நின்றால் அவள் அதன் முழங்காலைத்தான் மறைப்பாள். அங்கே இரண்டு கூட்டுவது அநியாயம்.

இதைத் தூணுக்கும் பொருத்திப் பாருங்கள். மெல்லிய மரம் அரை மறைப்பு, தடித்த மரம் முக்கால் மறைப்பு, அதற்கு ஐந்து கூடும் என்று புத்தகமே உதாரணம் சொல்கிறது. எங்கள் வளவில் இருப்பவை பர்மாத் தேக்குத் தூண்கள். ஒன்றின் பின்னால் நின்று பார்த்தால் எனக்கு இரண்டு தோளும் வெளியே தெரிகிறது, அரை மறைப்புதான். பக்கத்து வீட்டு முகப்பில் இருக்கும் தூணை நான் கட்டிப்பிடித்தால் கை சேராது. அதற்கு முக்கால் கொடுப்பேன்.

இன்னொரு பழைய சண்டை இதோடு வரும்: குறுகிய இடத்தில் நீள ஆயுதத்தை வீச முடியுமா என்பது. 1978-ல் வந்த அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் புத்தகத்தில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் நீளத்தோடு 'தேவைப்படும் இடம்' என்றும் ஒரு பத்தி இருந்தது. இரட்டைக் கை வாளுக்கு 6 அடி இடம் வேண்டும், ஈட்டிக்கு 1 அடி போதும். ஈட்டி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது குத்தும் ஆயுதம், பக்கவாட்டில் இடம் கேட்காது. இந்த ஒரு பத்தியை எழுதியவர்களின் கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்தாம் பதிப்பில் அது இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டுக்குப் போகும் நடை நாலு கல் அகலம்தான். பன்னிரண்டு அடி ஒட்டடைக் கம்பு ஒன்று இருக்கிறது, இவ்வளவு உயரமான கூரைக்கு அது இல்லாமல் முடியாது. அதை எடுத்துக்கொண்டு நடைக்குள் போனேன். முன்னால் குத்துவது சுலபம், சுவரில் இடிக்கவே இல்லை. திரும்பிப் பின்பக்கம் குத்தலாம் என்று பார்த்தேன். திரும்பவே முடியவில்லை. கம்பை நிமிர்த்தி, சுழற்றி, மறுபடி படுக்கவைக்க வேண்டியிருந்தது. அதனால் எங்கள் வீட்டு விதி இது: 5 அடிக்குக் குறைந்த பாதையில் பைக் வைத்திருப்பவர் முன்னால் குத்த எந்தத் தண்டனையும் இல்லை. முன்னால் குத்தியவர் அதே சுற்றில் பின்னால் குத்த முடியாது. சண்டை ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன். கத்தி உருவிய பிறகு புது விதி சொல்வது எனக்குப் பிடிக்காது.

குன்றக்குடி வாசகர்: மூலைவாட்டில் இரண்டு கட்டம் தள்ளி நிற்பவனை ஹால்பர்டால் அடிக்கலாமா?

ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் புத்தகப்படி அடிக்கலாம். மூலைவாட்டுக் கட்டமும் 5 அடிதான், இரண்டு சேர்ந்து 10. டி.எம். புத்தகத்தில் இருக்கும் மாற்று விதிப்படி முதல் மூலை 5, அடுத்த மூலை 10, ஆக 15 அடி, அடிக்க முடியாது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு தூரத்தை இந்த இரண்டாவது முறையில்தான் அளக்கிறது. ஆனாலும் 10 அடி ரீச்சுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, மூலையில் இரண்டு கட்டமும் எட்டும் என்று சொல்லிவிட்டது. நான் முதல் முறையில்தான் நடத்துகிறேன். மூலையில் நின்றால் தப்பலாம் என்று எதிரிகள் கணக்குப் போட்டு ஒளிவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பள்ளத்தூரிலிருந்து ஒரு மாணவி: தலைக்கு மேலே பறக்கும் வௌவாலைக் கத்தியால் அடிக்கலாமா? ஆந்தை வந்து கொத்திவிட்டுப் போனால் ஓசி அடி ஏன் இல்லை என்கிறார் எங்கள் டி.எம்.?

கட்டத்தை மேலேயும் அடுக்குங்கள். நீங்கள் நிற்பது தரையிலிருந்து 5 அடி வரைக்குமான பெட்டி. அதற்கு மேலே 5 அடி உயரத்தில் பறப்பது உங்களை ஒட்டிய பெட்டி, கத்தி எட்டும். 10 அடி உயரம் என்றால் இரண்டாவது பெட்டி, ஹால்பர்ட் எட்டும், கத்தி எட்டாது.

ஆந்தை விஷயத்தில் உங்கள் டி.எம். சொல்வது சரி. ஆந்தையின் குறிப்பில் ஃப்ளைபை என்று ஒரு குணம் இருக்கிறது, எதிரியின் எட்டும் தூரத்தை விட்டுப் பறந்து போகும்போது ஓசி அடி விழாது. வௌவாலுக்கு அந்தக் குணம் இல்லை. அது கடித்துவிட்டுப் போனால் விடாதீர்கள்.

சிவகங்கையிலிருந்து ஒரு டி.எம்.: மருது பாண்டியர் காலத்துச் சீமையில் ஒரு கதை நடத்தப் போகிறேன். வளரிக்கு எந்த விதியைப் போடுவது?

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் எனக்கு மனது நிறைந்துவிட்டது. மருது சகோதரர்கள் 1801-ல் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த மண்ணின் ஆயுதம் இந்த மேஜைக்கு வர வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். வளரி எறியும் ஆயுதம். அதற்கு ரீச் தேவையே இல்லை, எறியும் தூரம்தான் வேண்டும். ஐந்தாம் பதிப்பில் எறிதூரத்துக்கு இரண்டு எண்: முதல் எண் வரை சாதாரணமாக எறியலாம், அதைத் தாண்டி இரண்டாவது எண் வரை டிஸ்அட்வான்டேஜ். கைக்கோடரிக்கு 20, 60. ஜாவலின் ஈட்டிக்கு 30, 120.

வளரிக்கு எவ்வளவு? சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாக ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிறகு அதே சின்ன மருதுவை எதிர்த்த படையில் இருந்தவர் அவர். தேர்ந்த கையில் இருந்தால் நூறு கஜத்துக்குள் எவ்வளவு தூரம் இருந்தாலும் குறி தப்பாது என்கிறார். நூறு கஜம் என்றால் 300 அடி. அதை அப்படியே கொடுத்தால் கிட்டத்தட்டக் குறுவில்லின் தூரம் வந்துவிடும்; குறுவில்லுக்கு 80, 320. வெல்ஷ் சொல்வது தேர்ந்த கையைப் பற்றி. அதனால் நான் போடும் விதி இது: பழகாதவர் கையில் 30, 120. வளரி பழகியவர் என்று பாத்திரத் தாளில் எழுதிய ஆளுக்கு 60, 300. சேதம் ஆறு முகப் பகடை. மர வளரி என்றால் மொத்தும் சேதம், விளிம்பு தீட்டிய இரும்பு வளரி என்றால் வெட்டும் சேதம். ஓடுபவன் காலைக் குறிவைத்து எறிந்தால், பட்டால் சேதத்தைப் பாதியாக்கி, அவன் ஒரு சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை) தவறினால் கீழே விழச் செய்யலாம். எதிரி 5 அடிக்குள் வந்துவிட்டால் எறிவதற்கு டிஸ்அட்வான்டேஜ் என்பதைத் தளர்த்தாதீர்கள். வளரிக்காரன் ஒரு கையில் வாளும் வைத்திருந்ததற்குக் காரணம் வேண்டுமே.

இந்த எண்களை நான்கு ஞாயிறு ஆடிப் பார்த்தேன், வில்லாளி ஆட்டக்காரர் முகம் சுளிக்கவில்லை. இரும்பு வளரியின் எடையைத்தான் நான் இன்னும் கையில் தூக்கிப் பார்க்கவில்லை. உங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பெட்டகத்திலாவது ஒன்று இருந்தால், எடையையும் இரண்டு முனைக்கும் இடையிலான அளவையும் எழுதி அனுப்புங்கள். ஆறு முகம் போதுமா, எட்டு முகம் வேண்டுமா என்று அடுத்த இதழில் பார்க்கலாம்.